சம்பந்திக் கம்பி

"பெரியப்பாவுக்கு இன்னும் விடியல" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் பேட்டரியின் தலையில் இரண்டு தட்டு தட்டுகிறார். துணியால் முனைகளைத் துடைத்து, பசை தடவி, திருகை இறுக்குகிறார். சாவியைத் திருப்பியதும் வண்டி இருமிவிட்டு எழுந்துகொள்கிறது. "அவர் எழுந்தாத்தான் வீட்டுல மத்தவங்க பல்லே தேய்ப்பாங்க" என்கிறார். வண்டிக்காரர் சிரித்து முடிப்பதற்குள் மெக்கானிக்கின் இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. மீதி ஆள் அடுத்த வண்டிக்கு அடியில்.

கூண்டு வண்டி என்று நாங்கள் சொல்வது மலையேறும் ஒரு சின்ன வண்டியை. ஓட்டுபவரும் கூட வருபவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தலைக்கு மேலே இரும்புக் குழாயாலான கூண்டு, கதவுக்குப் பதில் ஒரு வலை, பின்னால் சாமான் ஏற்ற ஒரு தொட்டி, முண்டும் முடிச்சுமாக நான்கு டயர்கள். ரோடு முடிகிற இடத்தில்தான் அதற்கு வாழ்க்கையே ஆரம்பம். இவருடைய கடையும் அப்படித்தான், தார் ரோடு முடிந்து கல்பாதை தொடங்குகிற இடத்தில் தகரக் கூரையோடு நிற்கிறது. குவாரிக்குப் போகிறவர்கள், மேலே தோட்டம் வைத்திருப்பவர்கள், விடுமுறை நாளில் சேறு பூசிக்கொள்வதற்கென்றே வருகிற என்னைப் போன்ற பைத்தியங்கள், எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறோம்.

இந்தக் கடையில் எந்தப் பாகத்துக்கும் புத்தகப் பெயர் கிடையாது. பேட்டரி பெரியப்பா. என்ஜினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட், மருமகள். "நாள் பூரா ஓடறது அது, பேரு வாங்கறது என்ஜினு. அறுந்து விழுந்தாத்தான் தெரியும், வீடு யாரால ஓடிச்சுன்னு." ஸ்பார்க் பிளக் மாப்பிள்ளை. துளி அழுக்கு ஒட்டினாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், எடுத்துத் துடைத்து மரியாதை செய்தால் சமாதானமாகிவிடும். ஜாக்கி தாய்மாமன், தூக்கிச் சுமப்பதால். சைலன்சர் பக்கத்து வீட்டுக்காரர். அது ஏன் என்று கேட்டேன். "ஒரு நாள் எங்க வீட்டுல வந்து தூங்கிப் பாருங்க, தெரியும்" என்றார்.

அதனாலேயே அவருக்குச் சொந்தக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. கடைக்கும் சொந்தக்காரர், வண்டியில் இருக்கும் அத்தனை இரும்புக்கும் சொந்தக்காரர். புதிதாக வருகிறவர்கள் பெயர்ப் பலகையைத் தேடுவார்கள். பலகை இல்லை. சொந்தக்காரர் எங்கே என்று கேட்டால், உதிரிபாகங்கள் விற்கும் மேசையிலிருந்து அவர் மனைவி, "அடியில" என்று கையைக் காட்டுவார்.

ஐம்பதைத் தொடப்போகிற வயது. மெலிந்த ஆள், முழங்கையில் இருக்கும் கருப்பு இனி எந்த சோப்புக்கும் போகாது. கழற்றுகிற நட்டும் போல்ட்டும் முட்டை அட்டைக்குப் போகும். முதலில் கழன்றது முதல் குழியில், அடுத்தது இரண்டாவது குழியில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னால் வருவார். ஒரு முறை எல்லாம் மாட்டி முடித்த பிறகும் ஒரு குழியில் ஏதோ மிச்சம் இருந்ததாம். முழு வண்டியையும் மறுபடி பிரித்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவர் மனைவி வந்து பார்த்துவிட்டு, அது அவருடைய சட்டைப் பொத்தான் என்றார்.

இன்னொரு விஷயம் எனக்கு நெடுநாள் புரியவில்லை. அவருடைய வேலை மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. வெளிச்சம் வருவது ரோட்டுப் பக்கத்திலிருந்து. ஆகவே வேலை செய்யும்போதெல்லாம் அவருடைய நிழலே அவர் கைமேல் விழுகிறது. மேசையைத் திருப்பிப் போடலாமே என்று சொல்லாத ஆளில்லை. "இருக்கட்டும்" என்பார். ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடியே, வருவது யாருடைய வண்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவார். தவறியதே இல்லை.

அந்த மேசைக்கு மேலே, சுவரில், இரண்டு ஆணிகளில் ஒரு கம்பி தொங்குகிறது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன். இரண்டு முனையும் ஒரே பக்கமாக மடங்கி, 'ப' எழுத்தை அகலமாக இழுத்து எழுதியது போல இருக்கும். சனிக்கிழமைதோறும் அதை இறக்கி, எண்ணெய்த் துணியால் முனையிலிருந்து முனைவரை துடைத்து மறுபடி மாட்டுகிறார். விற்பனைக்கா என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஸ்வே பார்" என்றார். "விக்கறதுக்கு இல்ல."

பெரியப்பாவையும் மருமகளையும் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பெயர் விநோதமாக இருந்தது. குடும்பப் படத்தில் யாரென்றே தெரியாத ஒருவர் நடுவில் நிற்பது மாதிரி.

அந்தக் கம்பி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டையும் அதுதான் ஒன்றோடொன்று கட்டிவைக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மேலே போனால் கம்பி முறுக்கிக்கொண்டு மற்றப் பக்கத்தையும் கூடவே இழுக்கும். ரோட்டில் இது நல்லது, திருப்பத்தில் வண்டி ஒரேயடியாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். கல்லிலும் பாறையிலும் இதுவே தொல்லை. ஒரு சக்கரம் கல்லேறினால் மொத்த வண்டியும் சாய்ந்து குலுங்கும். அதனால் பாறைப் பக்கம் போகிறவர்கள் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு சக்கரமும் அதனதன் மேடு பள்ளத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்குச் சுகம். ஆனால் ரோட்டுக்குத் திரும்பியதும் பழைய வேகத்தில் வளைக்கக் கூடாது.

எட்டே போல்ட், இரண்டு இணைப்பு, ஒரு மணி நேர வேலை. சொந்தக்காரர் அதை மட்டும் செய்யமாட்டார். நானும் கேட்டுப் பார்த்தேன். "அந்த வேலை இங்க எடுக்கறதில்ல" என்று சொல்லி, வேறொரு கடையின் முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அழகாக இருந்தது. எனக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது.

காரணத்தின் நுனி ஒரு நாள் குவாரி மேஸ்திரியின் வாயிலிருந்து வெளியே வந்தது. ஆயில் பில்டர் வாங்க வந்தவர், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்து, "என்ன சொந்தக்காரரே, முன்னாடியெல்லாம் அதைச் சம்பந்திக் கம்பிம்பீங்க. கழட்டினா தனிக்குடித்தனம் வச்சாச்சும்பீங்க. எனக்கும் ஒரு தனிக்குடித்தனம் வச்சுக் குடுங்களேன்" என்றார்.

ஸ்பேனர் சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை. மேஸ்திரிக்கே கடைசி வார்த்தை பாதியில் தேய்ந்துவிட்டது. அவர் மனைவிதான், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், பில்டர் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி மேஸ்திரியைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டார்.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. வாஷர்களை அளவு வாரியாகப் பிரிக்க அந்த அக்காவுக்கு உதவுவதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்காமலேயே அக்கா சொன்னார்.

இரண்டு பின்சக்கரத்தையும் சம்பந்திகள் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். இந்த வீட்டில் ஒருத்தர் தும்மினால் அந்த வீட்டில் மூக்கு சிந்த வேண்டும். அப்படி இழுத்துக் கட்டுகிற கம்பி, சம்பந்திக் கம்பி. அதைக் கழற்றிவிட்டால், தனிக்குடித்தனம். அவர் வைத்த பெயர்களிலேயே ஊர் அதிகம் சிரித்தது இதற்குத்தான்.

இந்த அக்காவுக்கு ஒரே தம்பி. தேனீ வளர்க்கிறார். பெட்டிகளைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு பூக்கும் இடத்துக்கெல்லாம் போகிறவர். மாமாவும் மச்சானும் என்றால் அப்படி ஒரு ஒட்டுதல். இவர் அவரை 'வாடா மச்சான்' என்று கூப்பிடுவது கல்பாதையின் முதல் வளைவுவரை கேட்குமாம். கல்பாதையில் குலுக்கல் தாங்கவில்லை, கம்பியைக் கழற்றிக் கொடுங்கள் என்று தம்பி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நேரமில்லை, பார்க்கலாம் என்றே இவரும் சொல்லி வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் ஆயில் மாற்றுவதற்காக வண்டியை விட்டுப் போயிருந்தபோது, கையில் ஒரு மணி நேரம் ஓய்வாக இருந்தது. மச்சானுக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கலாம் என்று கழற்றிவிட்டார். பிறகு பெல்ட் வாங்கக் கிளம்பும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்: அவன் வந்தா சொல்லிடு, தனிக்குடித்தனம் வச்சாச்சு, பார்த்துப் போகச் சொல்லு.

தம்பி வருவதற்கு முன்பே போன் செய்தார். அக்கா அப்படியே சொன்னார்.

தம்பிக்கு அப்போது கல்யாணமாகி ஒன்றரை மாதம். அம்மாவுக்கு மனசில்லாமலேதான், தனியாக ஒரு இரண்டு அறை வீடு பார்த்திருந்தார். அந்த வீட்டின் சாவி அவர் கைக்கு வந்ததே அன்று காலையில்தான்.

"ஆமா அக்கா, வச்சாச்சு. அதுக்குள்ள ஊர் பூரா சொல்லிட்டாரா மாமா?" என்று கேட்டு அவர் சிரித்தார். அவன் கம்பியைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அக்காவும் சிரித்தார். இரண்டு பேரும் நன்றாகவே சிரித்தார்கள். "அவ்வளவு சிரிச்சேன்" என்று அக்கா ஒரு வாஷரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பார்த்துப் போன்னு சொன்னதுக்கும் சேர்த்து அவன் சிரிச்சிருக்கான், புது வீட்டுக்குச் சொல்றேன்னு."

தம்பி வந்தபோது கடையில் கூட்டம். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, கையாட்டிவிட்டுப் போனார். கடையிலிருந்து பார்த்தாலே தெரியும், கொஞ்சம் தள்ளித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ரோடு வலப்பக்கம் வளைகிறது. தினமும் போகிற வேகத்திலேயே வளைத்தார். வலையை மாட்டவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்தபோது, எல்லோரும் செய்வது போல, தரையைத் தள்ளப்போவது மாதிரி இடது கையை வெளியே நீட்டினார்.

அந்தப் பக்கத்திலிருந்து பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தவர் சொந்தக்காரர். உள்பக்கச் சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழுவதை அவர்தான் பார்த்தார்.

உயிருக்கு ஒன்றுமில்லை. மூன்று ஆபரேஷன். இடது முழங்கை பாதி மடங்கிய நிலையில் நின்றுபோனது, நீட்டவும் முடியாது, முழுதாக மடக்கவும் முடியாது. மச்சான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொந்தக்காரரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். நொறுங்கிய வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். கம்பி மட்டும் கடையிலேயே இருந்ததால் தப்பித்தது. அக்காவும் மாறிவிட்டார். போனில் யார் என்ன சொன்னாலும் ஒரு தாளில் எழுதி, எழுதியதை அவர்களுக்கே திருப்பிப் படித்துக் காட்டுகிறார். வாடிக்கையாளர்கள் அதைக் கேலி செய்வதை நானே கேட்டிருக்கிறேன், நானே செய்தும் இருக்கிறேன்.

"அதெல்லாம்கூடப் போகட்டும்" என்றார் அக்கா. "என் தம்பி வீட்டுக்கு வந்தா இவர் எழுந்து நின்னு 'வாங்க'ங்கறாரு. 'உட்காருங்க, சாப்பிடுங்க'ங்கறாரு. 'டா'ன்னு கூப்பிட்ட வாயி. அவனுக்குக் கை போனதுகூட அவ்வளவு வலிக்கலயாம், இந்த 'ங்க' வலிக்குதாம்."

வாஷர் பிரிக்கும் சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.

அக்கா இதைச் சொல்லி ஒரு மாதம் இருக்கும். சனிக்கிழமை காலை. சொந்தக்காரர் கம்பியை இறக்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம். இதுவரை கடைக்கு வராத வண்டி, யாருக்கும் பழக்கமில்லாத சத்தம். தண்ணீர்த் தொட்டிக்கு ரொம்ப முன்னாலேயே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, நடக்கிற வேகத்தில் வளைந்து வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கம்பியின் நடுவில் துணி நின்றுவிட்டது.

தேனீக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். முப்பது முப்பத்தைந்து வயது, முகத்தில் எப்போதும் ஏதோ வேடிக்கை பார்த்துவிட்டு வந்த களை. இடது கை, குடையை மாட்டி வைத்த மாதிரி, மடங்கியே இருந்தது. பின்தொட்டியில் ஒரு காலித் தேன்பெட்டி.

"வாங்க" என்றார் சொந்தக்காரர்.

மச்சான் சுற்றி வளைக்கவில்லை. இந்த வருடம் கீழே பூவே இல்லை, பெட்டியெல்லாம் தூக்கினால் காற்றாக இருக்கிறது. மேல்சரிவில் மட்டும் பூத்திருக்கிறது, அதுவும் மூன்று வாரம்தான் நிற்கும். அங்கே போக வறண்ட ஓடையின் கல்லைத் தவிர வேறு பாதை இல்லை. பழைய வண்டியொன்று வாங்கி, முந்தின நாள் இரண்டு பெட்டிகளை ஏற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு சக்கரம் கல்லேறும்போதெல்லாம் மொத்த வண்டியும் சாய்ந்து விழுந்து எழுந்திருக்கிறது. மேலே போய்த் திறந்தால் தேனடைகள் அறுந்து விழுந்து, அடியிலிருந்த தேனீக்கள் நசுங்கிக் கிடந்தன. இன்னும் நாற்பது பெட்டி இருக்கிறது. கீழேயே வைத்திருந்தால் பட்டினியில் போகும், இப்படியே ஏற்றினால் நசுங்கிப் போகும்.

"கம்பியைக் கழட்டிக் குடுங்க மாமா."

சொந்தக்காரர் தாளை எடுத்தார். அதே அழகான கையெழுத்தில் அந்த இன்னொரு கடையின் முகவரியை எழுத ஆரம்பித்தார்.

"அந்தக் கடை எனக்குத் தெரியாதா?" என்றார் மச்சான். "நீங்க கழட்டினாத்தான் நான் ஓட்டுவேன். வேற யாரு கழட்டினாலும் திருப்பத்துல எனக்குக் கை நடுங்கும்."

"என்னால முடியாதுங்க."

"எங்க வீட்டு மாப்பிள்ளை நீங்க, முறுக்கிக்கலாம், வேண்டாங்கல. அதுக்குன்னு ரெண்டு வருஷமா? என் கல்யாணத்துல சாப்பாடு ஆறிப்போச்சுன்னு கோவிச்சுக்கிட்டுப் போன சித்தப்பாவே மூணு நாள்ல வந்துட்டாரு."

யாரோ ஒரு வாடிக்கையாளர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று விழித்தார். அது நான்தான்.

அக்கா உதிரிபாக மேசையைவிட்டு எழுந்து வந்தார். கடை நேரத்தில் அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. கணவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, எழுதிக்கொண்டிருந்த தாளை மெதுவாக அவர் கைக்கடியிலிருந்து இழுத்தார்.

"கழட்டிக் குடுங்க" என்றார். "இந்தத் தடவை சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொந்தக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த பழைய கம்பியை ஆணியில் மாட்டினார். பிறகு அலமாரிக்கு மேலேயிருந்து ஒரு புது முட்டை அட்டையை எடுத்து, தூசியைத் தட்டினார்.

முதலில் சோதனை. காலிப் பெட்டியின் மேல் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் வைத்து, இடது பின்சக்கரத்தை ஒரு கட்டையின் மேல் மெல்ல ஏற்றினார். வலப்பக்கமும் கூடவே இழுபட்டு, தொட்டி சாய்ந்து, தண்ணீர் பெட்டி மேல் கொட்டியது. மச்சான் 'பார்த்தீர்களா' என்கிற மாதிரி எல்லோரையும் பார்த்தார். சொந்தக்காரர் வண்டியை இறக்கி, கடைக்குள் சிமென்ட் தரையில் நிறுத்தினார். நிறுத்திவிட்டும் கை வைக்கவில்லை. மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, ஒரு டயருக்கடியில் மெல்லிய தகடு சொருகி, மறுபடி பார்த்தார்.

"முறுக்கு இருக்கறப்ப நட்டுல கை வைக்கக் கூடாது, விட்டு அடிக்கும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரட்டும்."

வந்தது. இரண்டு பக்கமும் கம்பியின் முனைகளைச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையோடு பிணைக்கும் இணைப்புகள். நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றும், ஆகவே இன்னொரு ஆள் தண்டில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த சந்தில் சொந்தக்காரரின் கை நேராகப் போய் முட்டியது. வளைத்துப் போனால் பலம் வரவில்லை. மூன்று தடவை முயன்றார். மச்சான் தரையில் மண்டியிட்டார். மடங்கியே நின்றுபோன அந்த இடது கையை உள்ளே விட்டார். அளவெடுத்துச் செய்தது மாதிரி அது அந்தச் சந்தில் போய் உட்கார்ந்தது.

"இதுக்காகத்தான் இப்படி வளைச்சு வச்சிருக்கேன்" என்றார்.

சொந்தக்காரர் சிரிக்கவில்லை. ஸ்பேனரைத் திருப்பினார். துருப்பிடித்த நட்டு ஒரு கிறீச் சத்தத்தோடு இடம் கொடுத்தது. முதல் குழி.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் கை நீட்டும் முன்பே மற்றவர் அந்த ஸ்பேனரை எடுத்து வைத்தார். இணைப்புகள் கழன்றன. சட்டத்தோடு கம்பியை அணைத்துப் பிடிக்கும் இரண்டு பட்டைகள், அவற்றுக்குள் தேய்ந்த ரப்பர்கள், எல்லாம் வரிசையாகக் குழிகளில் போயின. கம்பி மட்டும் வர மறுத்தது. சைலன்சரில் இடித்தது. "பக்கத்து வீட்டுக்காரர் விட மாட்டேங்கறாரு" என்றார் மச்சான். சொந்தக்காரர் கம்பியின் ஒரு முனையைத் தாழ்த்தி, சரித்து, சின்னக் குழந்தையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுப்பது போல வெளியே எடுத்தார். காலியான துளைகளில் சேறு அடையாமலிருக்க போல்ட்டுகளைத் திரும்ப மாட்டினார்.

மறுபடி டம்ளர், மறுபடி விளிம்புவரை தண்ணீர், மறுபடி அதே கட்டை. இடது சக்கரம் ஏறியது. வலது சக்கரம் தன் பாட்டுக்குத் தரையில் நின்றது. தண்ணீர் நடுங்கியது, விளிம்பைத் தொட்டது, கொஞ்சமே கொஞ்சம் சிந்தியது. மச்சான் டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் இருந்த திடலில் சொந்தக்காரர் முதலில் தானே ஓட்டிப் பார்த்தார். ஒரு பழைய டயரைச் சுற்றி நடக்கும் வேகத்தில் ஒரு வட்டம், கொஞ்சம் கூட்டி இன்னொரு வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் வண்டி வெளிப்பக்கமாகத் தோளைச் சாய்த்தது. இறங்கியபோது அவர் நெற்றியில் வேர்வை. வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். மச்சான் ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினார். சாவி வரவில்லை.

"வண்டியில என்ன இல்லைன்னு சொல்லுங்க" என்றார் சொந்தக்காரர்.

"ஸ்வே பார் இல்ல."

"திருப்பத்துல?"

"மெதுவா."

சாவி இன்னும் வரவில்லை. சரியான பதில்தான், இரண்டும். ஆனாலும் அவர் கை மூடியே இருந்தது.

"மாமா" என்றார் மச்சான். குரலில் வேடிக்கை இல்லை. "எனக்கு அந்த இங்கிலீசு மண்டையில நிக்காது. நம்ம பாஷையில சொல்லுங்க. அன்னைக்கு நேர்ல கேக்காம விட்டது அது. இன்னைக்கு உங்க வாயால கேட்டுக்கறேன்."

அக்கா உதிரிபாக மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள், எழுத எதுவுமில்லாமல். சொந்தக்காரர் வண்டியின் கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக அந்த வார்த்தை அந்த வாயில் வரவில்லை.

"தனிக்குடித்தனம்" என்றார். மறுபடி சொன்னார். "தனிக்குடித்தனம் வச்சாச்சுடா மச்சான். சம்பந்திக் கம்பி இல்ல. அந்தத் தொட்டிக்கிட்ட பார்த்துப் போடா."

மச்சான் தலையை மட்டும் ஆட்டினார், இரண்டு மூன்று தடவை, நிறுத்தத் தெரியாதவர் போல. சாவி கை மாறியது. அக்கா தன் தாளை நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

வலையின் கொக்கியை சொந்தக்காரரே மாட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். வண்டி கிளம்பியது. பெட்டிகளை ஏற்றுவதற்கு வீட்டுக்குப் போக வேண்டும், வீட்டுக்குப் போக அந்தத் திருப்பத்தைத் தாண்ட வேண்டும்.

அவர் உள்ளே திரும்பி மேசைக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ரோட்டைப் பார்த்து, வாசலிலேயே நின்றார். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வண்டியின் சத்தம் தணிந்தது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, வலப்பக்கம் வளைந்தது. வளையும்போது வண்டி இடப்பக்கம் மெல்லத் தோளைச் சாய்த்தது. அதே நேரம் சொந்தக்காரரின் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. இடது கை தானாக எழுந்து, உள்ளங்கை விரிந்து, எதையோ தாங்குவது போல வெறும் காற்றில் நின்றது. தொட்டியைத் தாண்டி வண்டி நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவரும் நிமிர்ந்தார்.